அம்மாவுக்கு விருப்பமில்லையாம்

எங்கட ஆக்களைப் படங்களில எப்பிடிக் காட்டீனம் எண்டு நான் கதைக்கத் தொடங்கினா நிப்பாட்டேலாது. ஆரும் ஒரு மைக்கைக் கையில தந்தால் போதும். தமிழ்ப் பாத்திரம் எண்டு எழுதிப்போட்டு, தமிழில ஒரு சொல்லும் வராத ஆளைக் கொண்டுவந்து நிப்பாட்டுவினம். சுவரில ஒரு யானைப் படம், நெத்தியில ஒரு பெரிய பொட்டு, ரெண்டு பக்கமும் தலையை ஆட்டுற ஒரு ஆட்டம். முடிஞ்சுது, தமிழர் ரெடி. உதைப் பற்றி ஸ்காபரோவில மூண்டு மேடையில கத்தியிருக்கிறன். கத்தினது பொய்யில்லை. ஆனா அந்த மேடையளில நான் சொல்லாமல் மறைச்ச கதை ஒண்டு இருக்கு. அதைச் சொல்லாமல் இனி ஒரு மைக்கையும் தொடுறேல்லை எண்டு நினைச்சிருக்கிறன். அதுக்குத்தான் இதை எழுதுறன்.

எனக்கு இப்ப முப்பத்தஞ்சு வயசு. பதினொரு வயசில அம்மாவோட ரொறன்ரோவுக்கு வந்தனான். அப்பா அதுக்கு முதலே இல்லை. பகலில ஒரு பல் டொக்டரின்ர கிளினிக்கில முன்மேசையில இருந்து போன் எடுக்கிறன். மிச்ச நேரம் நடிகை. நடிகை எண்டு சொல்ல எனக்கே கூச்சமாக் கிடக்கு. பத்து வருசத்தில நான் நடிச்சதைக் கேட்டால் சிரிப்பீங்கள். கனக்க நேர்ஸ், ரெண்டு கஷியர், குண்டு வைக்கிறவனின்ர தங்கச்சி, பிறகு ஒரு இன்சூரன்ஸ் விளம்பரத்தில கை. ஓம், கை மட்டும்தான். அந்த விளம்பரம் ரிவியில போகேக்க அம்மா தன்ர வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில எல்லாரையும் கூப்பிட்டு, "என்ர மகளின்ர கை" எண்டு காட்டினவ.

இந்தத் தொழிலில இப்ப ஆளை நேர கூப்பிட்டுப் பார்க்கிறது குறைவு. என்ர ஏஜென்ட், அவ ஒரு வெள்ளைக்கார மனிசி, வசனத்தை ஈமெயிலில அனுப்புவா. நான் வீட்டில நடிச்சு, போனில படம் பிடிச்சு அனுப்பவேணும். அதுக்குச் செல்ஃப் டேப் எண்டு பேர். எனக்கு எதிரில கதைக்கிற பாத்திரத்தின்ர வசனத்தைப் போனுக்குப் பின்னால இருந்து ஆராவது வாசிக்கவேணும். அவையின்ர முகம் தெரியாது, குரல் மட்டும் கேக்கும். அந்த ஆளை ரீடர் எண்டு சொல்லுவினம். என்னோட நடிப்புப் படிச்ச பிள்ளையள் தங்களுக்குள்ள ஒருத்தருக்கு ஒருத்தர் வாசிச்சுக் குடுப்பினம். அவையெல்லாம் நகரத்தின்ர மேற்கில, பார்க்டேல் பக்கம். நாங்கள் இருக்கிறது கிழக்குத் தொங்கலில, ரூஜில. ரெண்டு பக்க வசனம் வாசிக்க இந்தத் தொங்கலுக்கு ஆர் பஸ் ஏறி வருவினம்? அதால என்ர ரீடர் அம்மா.

அம்மா ஷாம்பூப் போத்தலுக்கு மூடி பூட்டுற ஃபக்டரியில வேலை. காலமை ஆறு மணிக்குத் தொடங்கி மத்தியானம் ரெண்டரைக்கு முடியும். வந்து, முழுகி, தேத்தண்ணியும் கையுமா பேஸ்மென்டுக்கு இறங்குவா. நான் அங்க சாம்பல் நிறப் படுக்கைச்சீலை ஒண்டைச் சுவரில குத்தி, லைட் எல்லாம் வைச்சுக்கொண்டு நிப்பன். அம்மா கதிரையை இழுத்துப் போட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "கொண்டா பிள்ளை, இண்டைக்கு நான் ஆர்?" எண்டு கேப்பா. என்ர டேப்புகளில அம்மா பொலிஸ்காரனா இருந்திருக்கிறா, நீதவானா இருந்திருக்கிறா, ஒருக்கா என்ர காதலனாவும் இருந்தவ. நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். மாதத்தில ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசையில பைபிளில இருந்து முதலாம் வாசகம் வாசிக்கிறது அம்மாதான். புதன்கிழமையே தொடங்கிக் குசினிக்குள்ள நிண்டு சத்தமா வாசிச்சுப் பழகுவா. அதே குரலில, நிறுத்தி நிறுத்தி, "என்னை விட்டுப் போகாதை, நீயில்லாமல் எனக்கு வாழ்க்கையில்லை" எண்டு காதலனின்ர வசனத்தை இங்கிலிஷில வாசிச்சா. நான் நிலத்தில இருந்து சிரிச்சன். அம்மாவும் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுச் சிரிச்சா.

இன்னொண்டும் சொல்லவேணும், அதைச் சொல்லாட்டி நான் செய்தது விளங்காது. வந்த நாளில இருந்து அம்மாவுக்காக இங்கிலிஷ் கதைச்சது நான்தான். பாங்க், டொக்டர், வீட்டுக்காரன், என்ர சொந்தப் பள்ளிக்கூடத்து ரீச்சர், எல்லாரோடையும். போன் அடிச்சால் அம்மா எடுத்துக் காதில வைச்சுப் பார்த்திட்டு என்னட்ட நீட்டுவா. கார்ப்பெட் கழுவித் தாறம், சூடாக்கிற மெஷின் மாத்தித் தாறம் எண்டு விற்கிறவையின்ர ஒரே கரைச்சல். நான் பெரிய மனிசி மாதிரிக் குரலை மாத்தி, "அம்மாவுக்கு விருப்பமில்லையாம், நன்றி" எண்டு சொல்லிக் கட் பண்ணுவன். அம்மாவைக் கேக்கவே மாட்டன். கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? பிறகு அம்மாவும் ஃபக்டரியில பிலிப்பீன்ஸ்காரரோடையும் சீனாக்காரரோடையும் நிண்டு நல்லா இங்கிலிஷ் பிடிச்சிட்டா. எண்டாலும் போன் அடிச்சால் இண்டைக்கும் என்னட்டத்தான் நீட்டுவா. அந்தப் பழக்கம் ரெண்டு பேரையும் விடேல்லை.

இப்ப அந்தப் படத்துக்கு வாறன்.

ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு மாசி மாசம். கிளினிக்கில மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஏஜென்டின்ர ஈமெயில் வந்தது. ஒரு அமெரிக்கன் கொம்பனி ரொறன்ரோவில படம் எடுக்கப்போகுதாம். பாத்திரம்: ஸ்காபரோவில வளர்ந்த தமிழ்ப் பெண், முப்பது வயசு. தமிழ். அந்தச் சொல்லை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தன். பத்து வருசத்தில அந்தச் சொல்லு எனக்கு வந்த ஒரு ஈமெயிலிலயும் இருக்கேல்லை. தெற்காசியப் பெண் எண்டு வரும், பிறவுண் நேர்ஸ் எண்டு வரும். தமிழ் எண்டு வந்ததில்லை. நான் கிளினிக் ரொய்லெட்டுக்குள்ள போய்க் கதவைப் பூட்டிப்போட்டு அழுதன்.

அண்டைக்குப் பின்னேரம் அம்மாவிட்டச் சொன்னன். "அம்மா, இது கிடைக்காட்டி நான் உதை எல்லாம் விடுறன். இனி ஒரு நேர்ஸும் வேண்டாம்."  அம்மா சனிக்கிழமை கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வந்தா.

காட்சி இதுதான். மகள் வீட்டை விட்டுத் தனியாப் போகப்போறன் எண்டு தாயிட்டச் சொல்லுறாள். தாய்க்கு ஏழே ஏழு வசனம். தாயின்ர வசனத்தைத் தமிழில வாசிக்கலாம், கருத்தைக் கீழ எழுதி அனுப்புங்கோ எண்டு போட்டிருந்தினம். அம்மாவுக்குச் சரியான புளுகம், வாயெல்லாம் சிரிப்பு. நானும் அவவும் சேர்ந்து தமிழாக்கினம். கடைசி வசனத்தில அம்மா நிண்டிட்டா. நான் உனக்காக என்ர வாழ்க்கை முழுக்கத் தியாகம் செய்தனான், இதுதானோ நீ எனக்குச் செய்யிற கைமாறு? இதுதான் அந்த வசனம்.

"உதென்ன கதை பிள்ளை? ஆர் உப்பிடிக் கதைக்கிறது?"

"அம்மா, எழுதியிருக்கிறதை வாசியுங்கோ. அவை எழுதினது அவைக்குத் தெரியும்."

"தெரிஞ்சால் உப்பிடி எழுதுவினமோ?" எண்டு முணுமுணுத்துக்கொண்டு வாசிச்சா. நாலுதரம் எடுத்தம், அஞ்சுதரம் எடுத்தம். எனக்கு ஒண்டும் வரேல்லை. கண்ணில தண்ணி வரவேணும், வரேல்லை. எனக்கு விசர் வரத் தொடங்கிட்டுது. அம்மாவில எரிஞ்சு விழுந்தன், லைட்டைத் தட்டி விழுத்தினன். அம்மா லைட்டை எடுத்து நிமித்தி வைச்சா. பிறகும் தொடங்கினம். "நான் முடிவெடுத்திட்டன் அம்மா, வாற மாசம் போறன்" எண்டு சொல்லிப்போட்டு நிண்டன். அம்மாவின்ர சத்தத்தைக் காணேல்லை. பார்த்தால் கண்ணாடி கையில, தாள் மடியில. என்னையே பார்த்துக்கொண்டு இருக்கிறா.

"சரி," எண்டா. "அப்ப இனி பெரிய பால் வாங்கத் தேவையில்லை."

அவ்வளவுதான். அழுகையுமில்லை, குரல் உயரவுமில்லை. கடைக்குப் போக முதல் சொல்லுற மாதிரி. இந்த நாட்டில பால் நாலு லீட்டராப் பையில வரும். ரெண்டு பேர் இருக்கிற வீட்டில அது ஒரு கிழமைக்குக் காணும். ஒரு ஆள் எண்டால் பழுதாப்போயிடும்.  எனக்குக் கண்ணீர் தன்ர பாட்டில வந்து கன்னத்தில ஓடுது. நடிப்பு ஒரு துளியும் இல்லை. அந்தத் தரத்தைத்தான் அனுப்பினன், கீழ கருத்தையும் எழுதி. என்ர வாழ்க்கையில நான் எடுத்த நல்ல டேப் அதுதான்.

ஒன்பது நாள் போச்சு. ஒரு வியாழக்கிழமை காலமை பத்து மணியிருக்கும். உள்ளுக்க ஆருக்கோ பல்லுக் கடைஞ்சு கொண்டிருக்கிற சத்தம். முன்னால ஒரு கிழவர் அடுத்த அப்பொயின்ட்மென்டுக்குக் காத்துக்கொண்டு நிக்கிறார். ஈமெயில் வந்தது. திறந்தன். முதல் பந்தியில வழக்கமான கதை: உன்ர வேலை அவைக்கு நல்லாப் பிடிச்சதாம், எண்டாலும் வேற ஆளைத் தெரிவு செய்திட்டினமாம். சரி. அடி விழுந்தது, பழகின அடி. பிறகு ரெண்டாம் பந்தி.

உன்ர டேப்பில தாயின்ர வசனத்தை வாசிச்சது ஆர்? அவ நடிகையோ? டைரக்டர் அந்தக் குரலைத் திருப்பித் திருப்பிக் கேட்டவராம். பால் வசனத்தை ஆர் எழுதினது எண்டு கேக்கிறாராம். தாய்ப் பாத்திரத்துக்கு அவவைப் பார்க்க விரும்பீனம். ஒரு சின்ன டேப் எடுத்து அனுப்பச் சொல்லுவியோ?

எனக்கு முகம் கொதிச்சுது. வேற சொல்லுத் தேடத் தேவையில்லை: எரிச்சல், பொறாமை. பச்சை எரிச்சல். பத்து வருசமா நான் போன வகுப்பென்ன, எடுத்த படமென்ன, குளிருக்குள்ள நிண்ட வரிசையென்ன! என்னை வேண்டாமாம். அம்மா வேணுமாம். தாளைப் பார்த்து ஒழுங்கா வாசிக்கத் தெரியாத அம்மா! ஷாம்பூ மூடி பூட்டுற அம்மா! அந்த நேரம் நான் அவவை அப்பிடித்தான் நினைச்சன், இல்லையெண்டு இப்ப பூசி மெழுகேலாது. என்ர தமிழ்ப் பாத்திரத்தை ஆரோ எடுத்துக்கொண்டு போயிட்டினம், பக்கத்தில இருந்த கதிரையைத் தூக்கி அம்மாவுக்குக் குடுக்கீனம். அவ அங்க போய் இருந்தால் நான் எங்க நிக்கிறது? அவவின்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய், வெளியில அவவின்ர கோட்டை வைச்சுக்கொண்டு நிக்கவோ?

நான் பதில் அடிச்சன். அவ என்ர அம்மா. நடிகையில்லை. அவவுக்கு இங்கிலிஷ் பெரிசா வராது, சரியான வெக்கம். கேட்டதுக்கு நன்றி.

ஏஜென்ட் உடன திருப்பி எழுதினா. இங்கிலிஷ் பிரச்சினை இல்லையாம், அந்தப் பாத்திரம் கதைக்கிறது கனக்கத் தமிழ்தானாம். நீ அவவைக் கேட்டுப் பார்த்தனியோ எண்டு கேட்டிருந்தா.

கேட்டன், எண்டு எழுதினன். அவவுக்கு விருப்பமில்லையாம்.

எல்லாம் சேர்த்து நாலு நிமிசம். நிமிந்து பார்த்தன், கிழவர் இன்னும் நிக்கிறார். சிரிச்ச முகத்தோட அவருக்கு அடுத்த மாசத்துக்கு ஒரு நாள் எழுதிக் குடுத்தன். அந்தப் பதிலை எழுத நான் யோசிக்கக்கூட இல்லை. பதினொரு வயசில இருந்து பழகின வசனம் அல்லோ!

பின்னேரம் வீட்டுக்குப் போனால் அம்மா மீன் பொரிச்சுக்கொண்டு நிக்கிறா. என்ர முகத்தைப் பார்த்த உடன அடுப்பை நிப்பாட்டினா.

"பதில் வந்திட்டுதோ?"

"வந்தது. வேற ஆளை எடுத்திட்டினமாம்."

அம்மா அகப்பையைக் கீழ வைச்சா. பிறகு சொன்னா, "என்னாலதான் பிள்ளை. எழுதியிருந்ததை வாசிக்காமல் என்ர பாட்டுக்கு ஏதோ பால் எண்டு உளறிப்போட்டன். அதைக் கேட்டு அவை சிரிச்சிருப்பினம். உன்ர வாய்ப்பை நான் கெடுத்துப்போட்டன்."

இந்த இடத்தில வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதை இதோட முடிஞ்சிருக்கும். இல்லையம்மா, பால் வசனத்தைத்தான் அவை கேக்கீனம், உங்களைத்தான் கேக்கீனம் எண்டு சொல்ல எவ்வளவு நேரம்? ஏஜென்டுக்கு இன்னொரு ஈமெயில் போட எவ்வளவு நேரம்? நான் என்ன சொன்னன் தெரியுமோ? "பரவாயில்லை அம்மா" எண்டன். நான் அவவை மன்னிச்சன்! சீ! எழுதேக்கயே எனக்கு நாக்கைப் புடுங்கவேணும் போல கிடக்கு. அம்மா என்ர தலையைத் தடவிப்போட்டு, பெரிய துண்டு மீனா எடுத்து என்ர சாப்பாட்டுக் கோப்பையில போட்டா. நான் அதைச் சாப்பிட்டன்.

கொஞ்ச நாளில சொல்லிப்போடலாம் எண்டு நினைச்சன். முதல் கிழமை, கோபம் ஆறட்டும் எண்டு விட்டன். பிறகு, அவை ஆரையோ எடுத்திருப்பினம், இனிச் சொல்லி என்ன எண்டு விட்டன். மனிசருக்குச் சாட்டுச் சொல்லவோ தெரியாது.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயிறு பூசை முடிஞ்சு படியில நிக்கிறம். வாசகம் வாசிக்கிற ஆக்களின்ர பெயர் எழுதுற அன்ரி ஒராள் கொப்பியோட வந்தா. அடுத்த மாசம் மூண்டாம் ஞாயிறு உங்களுக்குத்தானே எண்டு அம்மாவைக் கேட்டா. அம்மா சொன்னா, "என்னை விடுங்கோ. எனக்கு வாசிப்புச் சரிவராது. ஆரும் இளம் பிள்ளையளைக் கேளுங்கோ." அந்த அன்ரி திகைச்சுப்போனா. "என்ன கதைக்கிறியள்? உங்கட வாசிப்பைப் போல ஆர் வாசிக்கிறது?" அம்மா சிரிச்சு மழுப்பினா. "இல்லை, என்னால மற்ற ஆக்களுக்குத்தான் பிழை வருது." நான் பக்கத்தில காரின்ர திறப்பைச் சுழட்டிக்கொண்டு நிண்டன். அம்மா ஏன் அப்பிடிச் சொன்னா எண்டு அந்தப் படியில நிண்ட ஆக்களில எனக்கு மட்டும்தான் தெரியும். ரூஜுக்குப் போய்ச் சேரும்வரைக்கும் நான் கார் ஓடுறதிலதான் கவனமா இருந்தன்.

என்ர டேப்புகளுக்கு வாசிக்கிறதை அவ விடேல்லை. நான் நடிப்பை விடுறன் எண்டு சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு, அடுத்த நேர்ஸ் வந்த உடன ஓடினன். ஆனா அம்மாவின்ர வாசிப்பு மாறிப்போச்சு. விரலைத் தாளில வைச்சு, ஒவ்வொரு சொல்லாத் தொட்டுத் தொட்டு வாசிப்பா. ஒரு சொல்லும் கூட்டமாட்டா, குறைக்கமாட்டா. இண்டைக்கு நான் ஆரெண்டும் கேக்கிறேல்லை. முடிய, "நான் பிழைவிடேல்லையே பிள்ளை? உனக்குக் கரைச்சல் இல்லையே?" எண்டு கேப்பா. "இல்லையம்மா, நல்லாக் கிடக்கு" எண்டு சொல்லுவன். அந்தக் குரலுக்கு என்ர முகத்தில ஒண்டும் வராது. நான் பார்த்தது போன் திரையில பேயறைஞ்ச ஒரு மூஞ்சையைத்தான்.

போன வருசம் இலையுதிர் காலம் படம் வந்தது. வராட்டி நல்லது எண்டு நேந்துகொண்டு இருந்தனான், வந்திட்டுது. அம்மாதான் போவம் எண்டு நிண்டா. "உனக்குக் கிடைக்காட்டி என்ன, எங்கட கதைதானே, பார்ப்பம்." சனிக்கிழமை பகல் காட்சி. தியேட்டரில அரைவாசிக்கு மேல எங்கட சனம்.

மகளா நடிச்ச பிள்ளை தமிழ்ப் பிள்ளைதான், நல்லாச் செய்தவள். அதைச் சொல்ல எனக்கு இப்பதான் மனம் வருது. தாயா நடிச்ச மனிசி எங்கத்தையோ ஆள். தமிழ் தெரியாது. வீட்டுக்குள்ள பட்டுச்சீலை கட்டிக்கொண்டு சமைக்கிறா. வாயில சுடுகிழங்கை வைச்சுக்கொண்டு கதைக்கிற மாதிரித் தமிழ் கதைக்கிறா. கடைசியில கையை நெஞ்சில வைச்சு, நான் உனக்காக என்ர வாழ்க்கை முழுக்கத் தியாகம் செய்தனான் எண்டு அழுதா. தியேட்டர் முழுக்கச் சிரிச்சுது. அழவேண்டிய இடத்தில சிரிக்கீனம். எங்களுக்குப் பின்னால இருந்த ஒரு அங்கிள், "ஐயோ கடவுளே, உது எந்த ஊர்த் தமிழ்?" எண்டு கத்தினார். இன்னும் பெரிய சிரிப்பு.

அம்மா சிரிக்கேல்லை. "பாவம்," எண்டு என்ர காதுக்குள்ள சொன்னா. "தெரியாத பாசையை எவ்வளவு கஸ்டப்பட்டுப் பாடமாக்கியிருப்பா அந்த மனிசி." நான் பொப்கோர்ன் பெட்டிக்குள்ள கையை விட்டுக்கொண்டு இருந்தன். பெட்டி எப்பவோ முடிஞ்சுபோச்சு.

சனம் கொதிச்சுப்போச்சு. ரேடியோவில கதைச்சினம், பேஸ்புக்கில கிழிச்சினம். எங்கட சமூக மண்டபம் ஒண்டில இதைப் பற்றி ஒரு கூட்டம் வைச்சினம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு. நடிக்கிற பிள்ளை எண்டு என்னையும் மேடையில இருத்தினம். வரேலாது எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. மைக் எண்டால் எனக்கு ஒரு ஆசை, அதையும் ஒத்துக்கொள்ளுறன். அம்மா மூண்டாம் வரிசையில, கைப்பையை மடியில வைச்சுக்கொண்டு இருந்தவ.

நான் எழும்பினன். பூட்டி வைச்ச எல்லாக் கோபமும் வெளியில வந்தது. "இந்தப் பெரிய ரொறன்ரோவில ஒரு தமிழ்த் தாய் கிடைக்கேல்லையாமோ? ஸ்காபரோவில ஒரு பஸ் தரிப்பில போய் நிண்டால் பத்துப் பேரைக் காட்டுவன்! எங்கட கதை வேணும், எங்கட சாப்பாடு வேணும், எங்கட முகம் வேண்டாமோ? ஒருத்தரையாவது கேட்டுப் பார்த்தவையோ?" சனம் கைதட்டத் தொடங்கிட்டுது. விசிலும் அடிச்சினம். நான் மூண்டாம் வரிசையைப் பார்க்கக்கூடாது எண்டுதான் நினைச்சன். பார்த்திட்டன். அம்மா கைப்பையைக் கீழ வைச்சிட்டு, கையைத் தலைக்கு மேல தூக்கித் தட்டுறா. ஃபக்டரியில மூடி பூட்டிப் பூட்டி வீங்கிப்போன விரல்கள். இவள் என்ர பிள்ளை எண்டு பக்கத்தில இருந்த ஆளுக்கும் சொல்லுறா.

கேள்வி நேரத்தில ஒரு அன்ரி மைக்கை வாங்கி, "பிள்ளை, எங்களுக்கு உப்பிடிக் கதைக்கத் தெரியாது. உம்மைப் போல ஆக்கள்தான் எங்களுக்காகக் கதைக்கவேணும்" எண்டா. திரும்பவும் கைதட்டல்.  தண்ணிப் போத்தலைத் திறந்து குடிச்சன்.

கூட்டம் முடியக் காருக்குள்ள வந்து இருந்தம். வெயிலும் குளிரும் சேர்ந்த பின்னேரம், பார்க்கிங் லொட்டில ஆக்கள் நிண்டு கதைச்சுக்கொண்டு நிக்கினம். ரெண்டு பேர் கண்ணாடியில தட்டி, "சோக்காக் கதைச்சீர் தங்கச்சி" எண்டு சொல்லிப்போட்டுப் போச்சினம். அம்மா கோட்டுப் பொத்தானைக் கழட்டிக்கொண்டு கேட்டா.

"உண்மையா ஒருத்தரையும் கேக்கேல்லையோ பிள்ளை?"

சந்தேகத்தில கேக்கேல்லை. அவவுக்கு என்னில ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. புதினம் கேக்கிற மாதிரித்தான் கேட்டா. ஓம் எண்டு சொல்லியிருந்தால் நம்பியிருப்பா. நான் திறப்பைப் போட்டிட்டுத் திருப்பாமல் இருந்தன்.

"கேட்டவை" எண்டன்.

"ஆரை?"

"உங்களை."

அம்மா சிரிச்சா. "போடி விசரி."

நான் சிரிக்கேல்லை எண்டதைக் கண்டபிறகு அவவின்ர சிரிப்பும் மெல்ல நிண்டுது. நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு எல்லாத்தையும் சொன்னன். ரெண்டாம் பந்தியைச் சொன்னன். டைரக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டதைச் சொன்னன். நீங்கள் மீன் பொரிச்ச அண்டைக்கே எனக்குத் தெரியும் எண்டு சொன்னன். உங்கட வாசிப்பால ஒண்டும் கெடேல்லை, உங்கட வாசிப்பு ஒண்டுதான் அந்த டேப்பில நல்லாயிருந்தது எண்டும் சொன்னன். சொல்லச் சொல்லக் கார்க் கண்ணாடி முழுக்க எங்கட மூச்சால புகார் பிடிச்சுது.

 அம்மா கேட்டா.

"என்னைக் கேட்டனி எண்டு அவையிட்டச் சொன்னனியோ?"

"ஓம்."

"நான் என்ன சொன்னனாம்?"

"விருப்பமில்லையாம் எண்டு."

"ம்." கோட்டின்ர பொத்தானைத் திரும்பப் பூட்டினா. "ஏன் பிள்ளை?"

நல்ல பதில்கள் எல்லாம் வாயில வரிசையா நிண்டுது. உங்களுக்கு வேலை போயிடும் எண்டு பயந்தன், குளிருக்குள்ள நிக்கவேண்டி வரும், வெள்ளைக்காரர் உங்களைப் பகிடி பண்ணுவினம். ஒண்டும் உண்மையில்லை.

"எரிச்சல் அம்மா" எண்டன். "உங்களில."

"என்னிலயோ?"

கோபத்தில கேட்ட மாதிரித் தெரியேல்லை. நம்பேலாமல் கேட்டா. குனிஞ்சு தன்ர கோட்டை, கையை, மடியில இருந்த பையை ஒருக்காப் பார்த்தா. என்னட்ட என்னத்தைக் கண்டு எரிஞ்சனி எண்டு தேடின மாதிரி. அந்தப் பார்வைக்குப் பதிலா அவ என்னைக் கன்னத்தில அறைஞ்சிருக்கலாம்.

நான் ஒரு வசனத்துக்காகக் காத்துக்கொண்டு இருந்தன். நீ கேட்டிருந்தாலும் நான் போயிருக்கமாட்டன், எனக்கு உதெல்லாம் சரிவராது. அம்மா அதைச் சொல்லுவா எண்டு எனக்குத் தெரியும். பசிக்கேல்லை, குளிரேல்லை, அலுப்பில்லை எண்டு எனக்காக அவ சொல்லாத பொய்யில்லை. அதோட இதையும் ஒண்டாச் சொல்லிவிட்டால் நான் தப்பியிடுவன். நான் அதுக்குத்தான் காத்துக்கொண்டு இருக்கிறன் எண்டு அவவுக்கும் விளங்கினது. என்ர முகம் அவவுக்குத் தெரியாததோ?

"கேட்டிருந்தால் நான் போயிருப்பன் பிள்ளை" எண்டா அம்மா.